இசக்கியின் ஹெட்போனும் மாமாவின் மந்த மகுடமும்

குழு: அம்பை ஆச்சி வீடு

இசக்கி: சுடலை மாமா, செல்வி அக்கா, இரண்டு பேரும் இருக்கிறீர்களா? நாலாயிரம் ரூபாய்க்குள் பேஸ், அதாவது கீழ்ச் சத்தத்தின் இடி, தூக்கி அடிக்கிற ஹெட்போன் ஒன்று வேண்டும். 50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே அதிர்ந்து சத்தம் தருகிற பாகம்) என்று போட்ட ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தள்ளுபடி இன்று இரவோடு முடிகிறது.

காந்திமதி: பழையது என்ன ஆயிற்று? போன தீபாவளிக்குத்தானே வாங்கினாய்?

இசக்கி: அது பாடுகிறது அம்மா. பேஸ்தான் போய்விட்டது. வாங்கிய புதிதில் நெஞ்சில் இடித்தது, இப்போது வெறும் சத்தம்.

ஆறுமுகம்: நெஞ்சில் இடித்தால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கடைக்கு அல்ல.

மைக்செட் சுடலை: மருமகனே, 50 என்றால் யோசிக்காதே, வாங்கு. டிரைவரில் அதிர்கிற கூம்புதான் கோன்; பெரிய கோன், பெரிய பேஸ். நம்மிடம் இருக்கிற 18 இஞ்ச் பாக்ஸ் அடிக்கிற அடியை 12 இஞ்ச் அடிக்குமா?

செல்வி சென்னை: அவசரப்படாதே இசக்கி. மாமா, உங்கள் பாக்ஸ் கோயில் வெளியில் அவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், அங்கே கோனின் பரப்பு முக்கியம். ஹெட்போன் காதை ஒட்டிய சின்ன இடத்துக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் போதும். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-இல் 40 மில்லிமீட்டர் டிரைவர், அதற்கு அடுத்து வந்த எக்ஸ்எம்5-இல் 30. அதனால் பேஸ் ஒன்றும் குறைப்பட்டுப் போகவில்லை. காதுக்குள் செருகுகிற 10 மில்லிமீட்டர் இயர்போனே நன்றாகச் செய்திருந்தால் 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 அதிர்வு, வரை இறங்கும்.

இசக்கி: பெட்டியில் 10 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்றும் போட்டிருக்கிறது அக்கா.

செல்வி சென்னை: மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 வரைதான். அந்த 10 ஹெர்ட்ஸில் சத்தம் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) விழுந்து கிடக்கிறது என்று எழுதாதவரை அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அது கிடக்கட்டும், பழைய ஹெட்போனை ஒரு படம் எடுத்து அனுப்பு. குஷன் தெரிய வேண்டும்.

இசக்கி: (படம்)

காந்திமதி: தலையணை உறை முழுவதும் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக் கிடப்பது இதனால்தானா!

செல்வி சென்னை: சித்தி கண்டுபிடித்துவிட்டார்கள். இடது குஷனில் பாதித் தோல் உரிந்து உள்ளே பஞ்சு தெரிகிறது. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் அந்த மலிவான தோல் இப்படித்தான் ஆகும். இசக்கி, அதை மாட்டி, பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் இலேசாகக் காதோடு அழுத்து.

இசக்கி: அக்கா!! அழுத்தினால் பழைய பேஸ் அப்படியே வருகிறது. கையை எடுத்தால் போய்விடுகிறது.

செல்வி சென்னை: டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. காதைச் சுற்றிக் காற்று ஒழுகுகிறது, அவ்வளவுதான். சிறு இடைவெளி விழுந்தாலும் முதலில் ஓடிப்போவது கீழ் ஸ்வரம்தான், மேலே உள்ளதெல்லாம் அப்படியே கேட்கும். அதனால்தான் சத்தம் இருக்கிறது, கனம் இல்லை. நீ கண்ணாடி வேறு போட்டிருக்கிறாய். தடித்த பிரேம் குஷனைத் தூக்கிப் பிடித்தாலும் இதே கதை நடக்கும்.

மைக்செட் சுடலை: இது எனக்குப் புரிகிறது. பாக்ஸின் பின்பலகை ஸ்குரூ கழன்றால் எவ்வளவு கொடுத்தாலும் அடி விழாது. பையன்கள் ஆம்பிளிபயரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், நான் போய்ப் பலகையைத்தான் முடுக்குவேன்.

செல்வி சென்னை: அதேதான் மாமா. குஷன் ஜோடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இசக்கி. உன் மாடலின் அளவுக்குச் சரியானதாகப் பார்த்து வாங்கு. தோல் மாதிரியே வாங்கு. வெல்வெட் துணி காதுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பேஸைக் கொஞ்சம் கசியவிடும்.

ஆறுமுகம்: ஆக நாலாயிரம் மிச்சம். செல்வி, நீ பல்லாண்டு வாழ்க.

இசக்கி: அப்பா, நான் இன்னும் முடிவு செய்யவில்லை. புதிது வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும் அக்கா?

செல்வி சென்னை: முதலில் எங்கே கேட்கிறாய் என்று சொல்.

இசக்கி: அம்பையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது. இரவு வீட்டில்.

செல்வி சென்னை: அப்படியானால் பின்பக்கம் மூடிய ஹெட்போன். திறந்த வகையைப் பலரும் புகழ்வார்கள். சென்ஹைசர் எச்டி 600 அந்த வகை. குரல் அத்தனை தெளிவு. ஆனால் அடி ஆழத்தில் சரிந்துவிடும், பஸ்ஸில் கேட்கவே முடியாது. மூடியவற்றில் ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 புரோ இரண்டும் ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே புழங்குபவை. உன் பணத்துக்கு எட்டாது, ஆனால் பிற்காலத்தில் வாங்கினால் நினைவில் வை: டிடி 770 என்பது 32, 80, 250 ஓம் (மின்தடை அளவு) என்று மூன்றாக வரும். 250 ஓமைப் போனில் செருகினால் வலு போதாமல் முனகும்.

வீரவநல்லூர் தாண்டியதும் பேஸ் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவாயே, அதற்குக் காரணம் பாட்டு அல்ல. பஸ் என்ஜினின் உறுமலும் கீழ் ஸ்வரம்தான், அது பாட்டின் பேஸை மூடிவிடுகிறது. வெளிச் சத்தத்தைக் குறைக்கிற வசதி உள்ள ஹெட்போன் அங்கே உதவும். அந்த வசதி நன்றாக வேலை செய்வதே இந்த உறுமல் மாதிரியான கீழ்ச் சத்தத்தில்தான். பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது ஓரளவு கேட்டுக்கொண்டே இருக்கும். உன் பட்ஜெட்டில் நான் இதைத்தான் பார்ப்பேன், டிரைவர் அளவை அல்ல.

காந்திமதி: பக்கத்தில் பேசுவது கேட்டால் நல்லதுதான். சேரன்மகாதேவியில் இறங்க வேண்டிய பிள்ளை பேட்டை வரை போன கதை நமக்குத் தெரியாதா.

இசக்கி: அம்மா, அது தூக்கம்.

ஆச்சி: (குரல் பதிவு, 0:14)

ஆறுமுகம்: அத்தை சொல்வது என்னவென்றால், ரேடியோ இருந்த வீட்டில் ஒருவர் காதிலும் எதுவும் தொங்கவில்லையாம். எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்றும் கேட்கிறார்கள்.

மைக்செட் சுடலை: சாப்பிட்டாயிற்று அம்மா. செல்வி, கீழ், நடு, மேல் சத்தங்களைத் தனித்தனிக் கம்பியால் ஏற்றி இறக்குகிற ஈக்வலைசர் விஷயத்துக்கு வா. நான் 60, 125 ஹெர்ட்ஸ் கம்பி இரண்டையும் மேலே ஏற்றி, கடைசி இரண்டையும் ஏற்றி, நடுவை அப்படியே விட்டுவிடுவேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதுதான் எடுக்கும்.

செல்வி சென்னை: வெளியில் நீங்கள் சொல்வது எடுக்கும் மாமா. ஹெட்போனில் அப்படிச் செய்தால் பாடுகிறவர் பின்னால் போய்விடுவார். எண்களை முதலில் காதால் அறிந்துகொள்ளட்டும் இசக்கி. எர்த் சரியில்லாத ஆம்பிளிபயர் 'ம்ம்ம்' என்று இரையுமே, அது நம் ஊர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100-உம். அந்த இரைச்சல் உனக்குத் தெரிந்தால் பேஸ் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். 60-க்குக் கீழே உள்ளதை உடம்பு உணர்கிறது என்றே சொல்லலாம். 60 முதல் 120 வரை மேளத்தின் இடி. 200, 300 பக்கம் போனால் அது பேஸ் இல்லை, கலங்கல். பலரும் பேஸ் என்று நினைத்து ஏற்றுவது இந்தக் கலங்கலைத்தான். பிறகு, ஏன் எல்லாம் குடத்துக்குள் பேசுகிறது என்று கேட்பார்கள்.

இசக்கி: அப்படியானால் 60-ஐ மட்டும் ஏற்றட்டுமா?

செல்வி சென்னை: ஒற்றைப் புள்ளியில் ஏற்றினால் ஒரு ஸ்வரம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். 105 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சேர்த்து ஒரே மட்டமாக உயர்த்து. அதற்கு லோ ஷெல்ஃப் என்று பெயர், பெரும்பாலான ஈக்வலைசரில் இருக்கும். ஹர்மான் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி என்ற இருவர் பலரைக் கேட்க வைத்துச் சோதித்தார்கள். நல்ல ஸ்பீக்கர் ஒரு சாதாரண அறையில் எப்படிக் கேட்குமோ அதற்கு நெருங்கிய ஒலியைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். அறையில் பேஸ் இயல்பாகவே கொஞ்சம் கூடும், ஆகவே ஹெட்போனிலும் அது கூட இருக்க வேண்டும். சிலர் அதற்கும் மேலே கேட்டார்கள். அவர்களில் இளவட்ட ஆண்கள் அதிகம்.

காந்திமதி: இதற்கு ஆராய்ச்சி எதற்கு? நம் வீட்டுக்கு வந்தால் போதுமே.

செல்வி சென்னை: கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்று இலவசமாகவே கிடைக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட். வேவ்லெட்டில் உன் ஹெட்போன் மாடலைத் தேடிப் பார், அளந்து திருத்திய அமைப்பு பலவற்றுக்கு இருக்கிறது. கணினியில் இப்படி வை: 105-இல் ஷெல்ஃப் கூட்டல் 6 டெசிபல், 250 அருகில் கழித்தல் 2. எல்லாவற்றுக்கும் முன்பாக ப்ரீஆம்ப், அதாவது மொத்தச் சத்த அளவு, கழித்தல் 6. இந்தக் கடைசி ஒன்றை மறந்தால் மற்ற எல்லாம் வீண்.

இசக்கி: பேஸைக் கூட்டச் சொல்லிவிட்டு மொத்தத்தையும் ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள்?

மைக்செட் சுடலை: இதற்கு நான் சொல்கிறேன். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? மேலே இடம் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டு 'கர்ர்' என்று வரும். கோன் கிழியும்.

செல்வி சென்னை: மாமா சொன்னதேதான், போனில் விளக்கு எரியாது என்பதுதான் வித்தியாசம். இன்றைய பாட்டுகள் ஏற்கெனவே உச்சியைத் தொட்டுக்கொண்டு வருகின்றன. அதன் மேல் 6 டெசிபல் ஏற்ற இடமே கிடையாது. 6 டெசிபல் என்றால் அந்த இடத்தில் நாலு மடங்கு சக்தி, 10 என்றால் பத்து மடங்கு. ப்ரீஆம்ப் இல்லாத ஈக்வலைசராக இருந்தால் பேஸைத் தொடாதே, மற்றக் கம்பிகளையெல்லாம் கீழே இறக்கு. விளைவு ஒன்றுதான். ஹெட்போனின் சொந்தச் செயலியில் பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அதை அணைத்துவிடு. இரண்டு இடத்தில் கூட்டினால் குழம்புதான் மிஞ்சும்.

பிறகு ஈக்வலைசரைப் போட்டும் அணைத்தும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள். எது உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்லது என்று காது சொல்லும், நம்பாதே.

மைக்செட் சுடலை: சரி, எனக்கு ஒரு உதவி. போன சித்திரைக் கொடையில் கணியான் கூத்தைப் போனில் எடுத்தேன். அதில் அடிக்கிற மகுட மேளம் இரண்டில் உச்ச மகுடம் கணீர் என்று கேட்கிறது, கீழ்ச் சத்தம் தருகிற மந்த மகுடம் ஒன்றுமே இல்லை. நேரில் நின்றவனுக்கு அதுதான் அடிவயிற்றில் ஏறியது. எந்தக் கம்பியை ஏற்றினால் வரும்?

செல்வி சென்னை: எதை ஏற்றினாலும் வராது மாமா. போன் மைக்குகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. காற்றும் கைபடுகிற சத்தமும் வராமல் இருக்கக் கீழ்ப்பகுதியைப் பெரும்பாலும் அவையே வெட்டிவிடும். பதிவில் இல்லாததை ஈக்வலைசர் படைக்காது, உள்ளதைத்தான் பெருக்கும். நீங்கள் ஏற்றினால் சுடலைமாடன் கோயில் காற்றிரைச்சல்தான் பெரிதாகும். அடுத்த கொடைக்கு மகுடத்துக்கென்று ஒரு மைக்கை நெருக்கமாக வைத்து, மிக்சரிலிருந்தே ஒயர் எடுத்து ரெக்கார்டரில் பதியுங்கள். மந்தம் அதில் விழும், பிறகு இசக்கியின் ஹெட்போனில் கேட்கலாம்.

மைக்செட் சுடலை: மிக்சரில் ரெக்கார்ட் அவுட் சும்மாதான் கிடக்கிறது. செய்துவிடுவோம்.

காந்திமதி: என் கதையையும் யாராவது கேளுங்கள். என் போனில் ஒயர் ஹெட்செட்டைப் போட்டால் பாடுகிறவர் குரல் எங்கோ கிணற்றடியில் கேட்கிறது. வயலினும் புல்லாங்குழலும் மட்டும் பக்கத்தில். தாளத்தின் கனமும் இல்லை. ஹெட்செட் போய்விட்டதா?

செல்வி சென்னை: பின்னைக் கடைசி வரை அழுத்துங்கள் சித்தி, 'டிக்' என்று உட்கார வேண்டும்.

காந்திமதி: போன் உறை தடுக்கிறது.

செல்வி சென்னை: உறையைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள்.

காந்திமதி: அடடே! குரல் வந்துவிட்டது. என்ன மாயம் இது?

செல்வி சென்னை: இரண்டு காதுக்கும் பொதுவான எர்த் இணைப்பு படாமல் இருந்திருக்கிறது. அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான் கேட்கும். பாடுகிறவரையும் பேஸையும் வழக்கமாக நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். அவை இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிடும்.

ஆறுமுகம்: இன்றைக்கு இரண்டு ஹெட்போன் பிழைத்தன.

காந்திமதி: அதெல்லாம் சரி. இந்த இடி இடித்தால் இவன் காது என்ன ஆகும் செல்வி? அதைச் சொல்.

செல்வி சென்னை: பேஸைவிட மொத்தச் சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும் சித்தி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம்தான். ஆனால் இதில் இசக்கிக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் காதுக்கு முதலில் மங்குவது பேஸ். 1933-இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். பேஸ் போதவில்லை என்றுதான் பிள்ளைகள் மொத்தச் சத்தத்தையும் ஏற்றுகிறார்கள். ஷெல்ஃபில் இரண்டு டெசிபல் கூட வைத்துக்கொண்டு சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேட்டால், கனமும் கிடைக்கும், காதும் தப்பும். நான் இரவில் அப்படித்தான் கேட்கிறேன்.

காந்திமதி: அப்படியானால் அவனுக்கு அதை வைத்துக் கொடுத்துவிடு.

இசக்கி: குஷன் மட்டும் ஆர்டர் செய்துவிட்டேன். வேவ்லெட்டும் ஏற்றிவிட்டேன், என் மாடல் அதில் இருக்கிறது.

ஆறுமுகம்: அந்த 50 மில்லிமீட்டர்?

இசக்கி: தள்ளுபடி முடியட்டும் அப்பா. அடுத்து வாங்கினால் வெளிச் சத்தம் குறைப்பதாகத்தான் வாங்குவேன்.

மைக்செட் சுடலை: மருமகனே, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா. என் போனிலும் அந்த வேவ்லெட்டை ஏற்றிக் கொடு. வரும்போது உன் பழைய குஷனையும் எடுத்து வா, டுவீட்டர் பெட்டிக்கு அடியில் ஒட்ட ஆகும்.

காந்திமதி: ஒன்றையும் எறிய விடமாட்டான் என் தம்பி. அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், இசக்கியிடமே கொடுத்தனுப்புகிறேன் சுடலை.