14 புள்ளி முன்னிலை கரைந்துபோனது: கோச் ஏன் டைம்-அவுட் எடுக்கவில்லை?

கடைசிவரிசை எழுதியது:

சனிக்கிழமை நம் கல்லூரி அணியின் கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இங்கே முதுகலை படித்த இரண்டு வருடமும் மாணவர் பகுதியில் நின்றுகொண்டே பார்த்தவன் நான். படிப்பு முடிந்து 9 வருடம் ஆகிறது, இன்றுவரை ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. தோற்றால் வருத்தப்பட்டுவிட்டு மறுநாள் வேலையைப் பார்ப்பேன். இந்தத் தடவை அப்படி முடியவில்லை.

இரண்டாம் பாதியில் இன்னும் 11 நிமிடம் இருந்தது. 58-44 என்று முன்னிலையில் இருந்தோம். அடுத்த மூன்று நிமிடத்தில் நான்கு மூன்று-புள்ளி ஷாட், 58-56. நான்கில் மூன்று இடது மூலையிலிருந்து, அதே பையன் போட்டது. நாம் 2-3 ஸோன் ஆடிக்கொண்டிருந்தோம், அதாவது முன்னால் இருவர், பின்னால் மூவர், ஆளுக்கு ஒரு பகுதியைக் காக்கும் தடுப்பு. அவர்களுடைய உயரமான ஆள் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வந்து பந்தை வாங்குவார், நம் பின்வரிசை ஆள் அவரை நோக்கி இரண்டு அடி உள்ளே வருவார், பந்து உடனே மூலைக்குப் போகும். மூன்று முறையும் இதேதான். கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் மூன்று டைம்-அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்தி வீரர்களிடம் பேசும் வாய்ப்பு, இருந்தது. கடைசியில் 8 நிமிடத்துக்குக் கீழே வந்ததும் டிவி இடைவேளை வந்தது, அதனால்தான் ஆட்டமே நின்றது.

அதற்கு முன்னால் இன்னொன்று. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் நம் பாயிண்ட் கார்ட் முதல் பாதியின் 9-வது நிமிடத்தில் இரண்டாவது ஃபவுல் வாங்கினார். உடனே பெஞ்ச். மீதி 11 நிமிடமும் தோளில் துண்டைப் போட்டபடி, பந்து நம் கைக்கு வரும்போதெல்லாம் கோச் பக்கம் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து ஃபவுல் ஆனால்தான் வெளியே போக வேண்டும். ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் இருந்தது மூன்று! யாரைக் காப்பாற்றி வைத்தோம், எதற்காக?

கடைசி 20 வினாடி. 71-72, பந்து நம்மிடம், இரண்டு டைம்-அவுட் மிச்சம். எடுக்கவில்லை. முதல் வருடப் பையன் ஒருவன் தட்டிக்கொண்டே நின்று, வழி கிடைக்காமல் தூரத்திலிருந்து எறிந்தான். அப்புறம் அவர்கள் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஷாட்) இரண்டையும் போட்டு 71-74. பயன்படுத்தாத டைம்-அவுட் அடுத்த ஆட்டத்துக்குச் சேராது.

நான் கேட்பது ஒன்றுதான். இது வீரர்கள் தோற்ற ஆட்டமா, கோச் தோற்ற ஆட்டமா? ஆத்திரத்தில் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா?

பழையசென்டர் எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஃப்ரீ த்ரோ கணக்கை நீங்கள் எழுதவே இல்லை. நாம் 19-க்கு 11தான் போட்டோம். எட்டு போயிருக்கிறது, தோற்றது மூன்று புள்ளியில். 2008 அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். கான்சாஸுக்கு எதிராக மெம்ஃபிஸ் கடைசி இரண்டு நிமிடத்தில் 9 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஃப்ரீ த்ரோக்களை விட்டார்கள், மாரியோ சால்மர்ஸ் கடைசி நொடிகளில் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் 75-68 என்று கோப்பை கான்சாஸுக்குப் போனது. கோட்டில் தனியாக நிற்கிறவன் கையில்தான் அந்தப் பந்து இருக்கிறது. கோச் வந்து போட முடியாது.

டைம்-அவுட் விஷயமும் அப்படித்தான். டிவி ஆட்டத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு இடைவேளை தானாக வரும் என்பதால், பல கோச்கள் தங்களுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். ஆனால் அப்படி வைத்ததைக் கடைசி 20 வினாடியிலும் எடுக்கவில்லை என்றால் நான் பேச ஒன்றுமில்லை. மூலை ஷாட்டும் அதே மாதிரிதான். இரண்டாவது விழுந்ததுமே மேன்-டு-மேனுக்கு, அதாவது ஆளுக்கு ஒரு எதிராளியைக் காக்கும் முறைக்கு, மாறியிருக்க வேண்டும். நான் ஆடிய காலத்தில் எங்கள் கோச் பெஞ்சிலிருந்து கத்தியே மாற்றிவிடுவார். அதற்கு டைம்-அவுட்கூட வேண்டாம்.

சிவப்புஜெர்சி எழுதியது:

இந்தக் கோச்சுக்கு இது ஆறாவது சீசன். மார்ச்சில் நடக்கும் தேசியக் கோப்பைப் போட்டிக்கு 68 அணி போகிறது, ஆறு வருடத்தில் ஒரு முறைகூட அதில் நாம் இல்லை. இன்னும் எத்தனை ஆட்டம் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்? அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடட்டும்.

அரைக்கோடு எழுதியது:

அவசரம் வேண்டாம். டியூக் பல்கலைக்கழகத்தில் கோச் மைக் ஷஷெவ்ஸ்கிக்கு முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983-ல் விர்ஜீனியாவிடம் 109-66 என்று தோற்றபோது அவரை அனுப்பச் சொல்லிப் பலர் நின்றார்கள். நிர்வாகம் அசையவில்லை. பிறகு ஐந்து கோப்பை வந்தது.

இன்னொன்றும் பாருங்கள். நம் முதல் ஐவரில் மூன்று பேர் இந்த வருடம்தான் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள். 2021-க்கு முன்பு அப்படி மாறினால் பொதுவாக ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும், அதற்குள் அணியோடு பழகிவிடுவார்கள். இப்போது வந்ததும் ஆடலாம். ஸோனில் ஒருவன் நகர்ந்தால் பக்கத்து ஆள் வாய்விட்டுச் சொல்லி இடத்தை மூட வேண்டும். அந்தப் பேச்சே இவர்களிடம் இன்னும் வரவில்லை. தரவரிசையில் முதல் இடம் தரப்பட்டிருந்த விர்ஜீனியா, 2018 மார்ச் போட்டியில் 16-வது இட அணியிடம் 74-54 என்று தோற்றது. முதல் இட அணி ஒன்று ஆண்கள் போட்டியில் அப்படித் தோற்றது அதுவே முதல் தடவை. அடுத்த வருடமே கோப்பை வாங்கினார்கள். கைல் கை, டை ஜெரோம் போன்ற முக்கியமானவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கடைசிவரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையசென்டர் அண்ணா, ஃப்ரீ த்ரோ பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் வேண்டுமென்றே மறைக்கவில்லை, கோபத்தில் கண்ணில் படவில்லை.

அரைக்கோடு, டியூக் கதையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான்காவது சீசனிலேயே அவர்கள் 24 ஆட்டம் ஜெயித்து மார்ச் போட்டிக்குப் போய்விட்டார்கள். பொறுத்தவர்களுக்கு ஏதோ முன்னேற்றம் தெரிந்தது. நமக்கு ஆறு வருடமாக என்ன தெரிந்தது?

நேற்று இரவு இரண்டாம் பாதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நேரலையில் கவனிக்காத ஒன்று இருந்தது. இடது மூலையைக் காக்க வேண்டிய நம் பையன், முதல் ஷாட் விழுந்ததும் பெஞ்சைப் பார்த்தான். இரண்டாவது விழுந்ததும் பார்த்தான். மூன்றாவது விழுந்தபோது உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினான், நான் வெளியே போகவா, உள்ளேயே நிற்கவா என்று கேட்கிற மாதிரி. கேமரா பெஞ்சுக்குத் திரும்பியது. உதவி கோச் பலகையைக் கையில் எடுத்துவிட்டார். தலைமைக் கோச் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பேச்சு வராத பையன்கள் என்றீர்கள். இவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

புதன்கிழமை அடுத்த ஆட்டம். அவர்களும் வெளியிலிருந்து நன்றாகப் போடுகிற அணி. மூலையிலிருந்து இரண்டாவது ஷாட் விழுந்ததும் கோச் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.