வடிசுமை, கரைசுமை, ஒட்டுசுமை: கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> வயலில் இட்ட உரம் மழைநீரோடு ஆற்றில் சேர்வதைக் குறிக்க ‘வழிந்தோடல்’ போதுமே. பாடநூலிலேயே இருக்கும் சொல். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வழிந்தோடல் நல்ல சொல்தான், அது இருக்கட்டும். ஆனால் அது ஓடும் நீரின் பெயர். அதைக் கனமீட்டரில் அளக்கிறோம். நாம் பெயர் தேடுவது அந்த நீர் அள்ளிக்கொண்டு போகும் பொருளுக்கு. அதை நிறுப்பது கிலோவிலும் டன்னிலும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘வழிந்தோடல் குறைந்தது’ என்று எழுதும்போது குறைந்தது நீரா, உரத்திலிருந்து வந்த பாஸ்பரஸா என்று படிப்பவருக்குப் புரியாது.

நான் ‘வடிசுமை’யைப் பரிந்துரைக்கிறேன். நிலத்திலிருந்து வடியும் நீர் சுமந்து செல்வது எதுவோ அது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. செறிவை, அதாவது ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை, நீரின் அளவால் பெருக்கினால் வடிசுமை கிடைக்கும். பெருமழையில் செறிவு குறைவாக இருந்தாலும் வடிசுமை மலைக்க வைக்கும்.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்தவும் முடியாது. அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்றார்கள். ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு நீரில் கலந்திருந்தது. காய்ச்சினால் அந்த நஞ்சு அழியாது. நீர் ஆவியாகி, நஞ்சு இன்னும் செறியும். அந்தப் பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். அதில் பெரும்பங்கைக் கொண்டுவந்து சேர்ப்பது மௌமி ஆறு. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களிலிருந்து.

அந்த உழவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. உழவைக் குறைத்தார்கள், மண் அரிப்பு தணிந்தது. மண்துகளில் ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸ் கட்டுக்குள் இருந்தது. ஆனால் 1990களின் நடுவிலிருந்து நீரில் கரைந்து வரும் பாஸ்பரஸ் ஏறத் தொடங்கியது. புரட்டிப்போடாத மண்ணில் உரம் மேலாகவே தங்கியது ஒரு காரணம். இன்னொன்று மண்ணுக்கடியில் இருக்கிறது. அந்தப் பகுதி ஒரு காலத்தில் பெரும் சதுப்பு நிலம். 19ஆம் நூற்றாண்டில் அதை வடித்து வயலாக்கினார்கள். ஏறக்குறைய மூன்றடி ஆழத்தில், முன்பு சுட்ட மண்ணாலும் இப்போது பிளாஸ்டிக்காலும் செய்த வடிகுழாய்களைப் புதைத்திருக்கிறார்கள். மழை விட்டதும் வயலோர ஓடையில் கலங்கல் நீர் பழுப்பாக ஓடும். அதன் கரையிலேயே குழாய் வாயிலிருந்து விழும் நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கரைந்த பாஸ்பரஸும் நைட்ரேட்டும் அந்தத் தெளிந்த நீரில்தான் கண்ணுக்குத் தெரியாமல் வருகின்றன.

அதனால்தான் 2016இல் அமெரிக்காவும் கனடாவும் மௌமிக்கு இரண்டு தனித்தனி வரம்புகள் வைத்தன. 2008ஐ அடிப்படையாகக் கொண்டு 40 விழுக்காடு குறைப்பு. மார்ச் முதல் ஜூலை வரை மொத்த பாஸ்பரஸ் 860 டன், கரைந்த பாஸ்பரஸ் 186 டன். இந்த இரண்டு வரம்புகளையும் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘மண்ணரிப்பு இழப்பு’ என்ற ஒரே சொல் கைகொடுக்காது. கரைந்து வருவதைக் ‘கரைசுமை’ என்றும், துகளில் ஒட்டி வருவதை ‘ஒட்டுசுமை’ என்றும் சொல்லலாம். கரைசுமையில் ச் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஆற்றங்கரை நினைவுக்கு வரும்.

> நிலத்தின் மேல் ஓடுவதை ‘மேலோட்டம்’ எனலாமா?

வேண்டாம் அம்மா. ‘மேலோட்டமாகப் படித்தேன்’ என்று தினமும் சொல்கிறோம், அந்தப் பொருளே முந்திக்கொண்டு நிற்கும். ‘நிலமேல் ஓட்டம்’ என்று பிரித்தே எழுதுவோம்.

நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கிப்போவதைக் ‘கசிவு’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. அணையும் கசிகிறது, கூரையும் கசிகிறது. களிமண்ணுக்கும் நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டமே என்பதால் மண் அதைப் பிடித்து வைக்காது. நீர் போன வழியே அதுவும் போய்விடும். மணற்பாங்கான நிலத்தில் யூரியா போட்டுவிட்டு அடைமழையில் மாட்டிக்கொண்ட நம் விவசாயி ‘சத்தெல்லாம் கீழ இறங்கிடுச்சு’ என்பார். ‘சத்திறக்கம்’ என்றே வைத்துக்கொண்டால் அவருக்கும் புரியும், ஆய்வேட்டிலும் நிற்கும். பாஸ்பேட் இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு ஆகியவற்றோடு பிணைந்து பெரும்பாலும் மண்ணில் தங்கிவிடுவதால் அதற்குச் சத்திறக்கம் குறைவு, ஒட்டுசுமை அதிகம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

மண்ணுக்கடியில் புதைக்கும் அந்தக் குழாய்க்கு ‘அடிவடிகால்’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். உவர் நிலத்தைச் சீர்செய்ய இப்படிக் குழாய் பதித்த பகுதிகளில் விவசாயிகள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள் என்றால் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.

அன்புடன்.