அம்மாவின் கண் உறுத்தல்: மருந்தாலா, அதில் கலந்த ப்ரிசர்வேட்டிவாலா?

மதுரை மகள்:
அம்மாவுக்கு 68 வயது. கிளாகோமாவுக்கு (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) ஆறு வருடமாக ராத்திரி லேட்டனோப்ரோஸ்ட் சொட்டு விடுகிறோம். போன வருடம் காலை, மாலை டிமோலோலும் சேர்ந்தது. இப்போது எந்நேரமும் மண் விழுந்த மாதிரி உறுத்தல், கண் சிவந்தே கிடக்கிறது. பாட்டிலில் பொடி எழுத்தைப் படித்தேன். இரண்டிலும் ப்ரிசர்வேட்டிவாக, அதாவது பாட்டிலில் கிருமி வளராமல் இருக்க, பென்சால்கோனியம் குளோரைடு; லேட்டனோப்ரோஸ்டில் 0.02 சதவீதம். கருவிழியைக் கெடுப்பது இதுதானா? "எரியுதுடி, இன்னைக்கு வேண்டாம்" என்று அம்மா முகத்தைத் திருப்பும்போது விடவும் மனசு வரவில்லை, விடாமல் இருக்கவும் பயம்.

மருந்துக்கடைக்காரர்:
சொட்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்மா. கிளாகோமாவில் போன பார்வை திரும்பாது.

உங்கள் சந்தேகம் நியாயமானது. பென்சால்கோனியம் சோப்பு மாதிரி வேலை செய்யும். கிருமியின் உறையை உடைக்கும் அதே குணம், கண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கலைக்கும். கருவிழியின் மேலடுக்கில் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பும் தளரும். ஒரு வாரச் சொட்டுக்கு இது பெரிதாகத் தெரியாது. அம்மாவுக்கோ தினம் மூன்று வேளை, அதுவும் வருடக்கணக்கில். 0.02 என்பது கண் சொட்டுகளில் அதிக அளவுதான். லேட்டனோப்ரோஸ்டுக்குப் பதிலாக ப்ரிசர்வேட்டிவ் இல்லாத டாஃப்ளூப்ரோஸ்ட் சொட்டு பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், செல் உரிந்த இடம் பச்சையாக மின்னும்.

கண் பரிசோதகர்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் 'ப்ரிசர்வேட்டிவ் இல்லை' என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2023இல் அமெரிக்காவில் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டில் சூடோமோனாஸ் கிருமி கலந்து 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சொட்டு தயாரானது நம் சென்னைப் பக்கத்தில் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரு வேளைக்கு மட்டுமான சின்னக் குப்பியில் பாதி மிஞ்சினாலும் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

மதுரை மகள்:
நன்றி அண்ணா, நன்றி மேடம். சாயம் விட்டுப் பார்த்தார்கள். கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளி. ராத்திரிச் சொட்டை டாஃப்ளூப்ரோஸ்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் உறுத்தல் பாதி குறைந்திருக்கிறது. கண் அழுத்தத்தை அடுத்த மாதம் பார்க்கிறார்கள். விலை அதிகம்தான், சமாளிக்கிறோம். அந்தச் சின்னக் குப்பியை அமுக்க அம்மாவின் மூட்டுவலி விரலுக்குத் தெம்பில்லை. அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு நானே போய் விட்டுவிட்டு வருகிறேன்.