பட்டறைக்கு லைன் இழுக்கும்போது எர்த் ராடு மட்டும் போதுமா?

செம்புக்கம்பி:
கேபிள் அளவு பற்றிய இழையில் பட்டறைவாசி இப்படி எழுதியிருக்கிறார்: "பட்டறை தனிக் கட்டடம். அங்கேயே மண்ணுல ஒரு எர்த் ராடு அடிச்சா வேலை முடிஞ்சது. வீட்டிலிருந்து எர்த் வயரும் சேர்த்து இழுக்கிறது வீண் செலவு, ரெண்டு கோர் கேபிளே போதும்." இதற்கு வரிசையாக நன்றி வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

ராடின் தடை 20 ஓம் என்று வையுங்கள். ஒற்றை ராடுக்கு அது நல்ல அளவுதான். கிரைண்டரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர். சப்ளை பக்கத்து எர்த் தடையையும் கூட்டினால் இன்னும் குறையும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு (அதிக கரன்ட் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) அது சாதாரண லோடு, விழவே விழாது. கிரைண்டர் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நிற்கும். ஈரக் கையோடு அதைத் தொடுகிறவனுக்கு நீங்கள் மிச்சம் பிடித்த செலவு உதவாது.

பட்டறைவாசி:
அதே பதிவுல ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்குக் கசிஞ்சா விழற சுவிட்ச்) போடணும்னு எழுதியிருக்கேன். அந்த வரியை வசதியா விட்டுட்டீங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு 11.5 ஆம்பியர் எதுக்கு சார்? தொடறதுக்கு எல்லைன்னு வெச்சிருக்கிற 50 வோல்ட்டை 0.03-ஆல வகுங்க, 1666 ஓம் வருது. ராடு 20 ஓம் இல்ல, 200 ஓம் இருந்தாலும் டிரிப் ஆகும். தனி ராடு, கூட ஆர்சிசிபிங்கிறது அங்கீகரிச்ச முறை. நான் கண்டுபிடிச்சது இல்ல.

செம்புக்கம்பி:
ஆர்சிசிபி ஒன்றையே நம்பி மொத்தப் பட்டறையையும் விடுவதா? பட்டறை என்றால் இரும்புத் தூள், மரத்தூள், ஈரம். உள்ளே இருக்கும் டிரிப் மெக்கானிசம் பிடித்துக்கொண்டால் அடுத்த காவல் எது? டெஸ்ட் பட்டனை யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை. இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்திருப்பவர்கள், ஏசி கசிவை மட்டும் பார்க்கும் டைப் ஏசி ஆர்சிசிபி வாங்கி மாட்டியிருந்தால் டிசி கலந்த கசிவில் அது வேலை செய்யாமலே போகலாம். அன்றைக்கு உங்களிடம் மிஞ்சுவது ராடும் 11.5 ஆம்பியரும்தான்.

எர்த் வயர் இருந்தால் கணக்கே வேறு. 40 மீட்டர், 6 ஸ்கொயர் எம்எம் செம்பு, ஃபேஸும் எர்த்தும் ஒரே அளவு. கிலோமீட்டருக்கு 3.08 ஓம் வீதம் போக வர 0.25 ஓம். வீட்டு எர்த் சப்ளை நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது, சப்ளை பக்கம் 0.35 ஓம் என்று வைத்தால் மொத்தம் 0.6. ஃபால்ட் கரன்ட் 380 ஆம்பியரைத் தாண்டும். 32 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (பத்து மடங்கு கரன்ட்டில் உடனே விழும் வகை) நிச்சயமாக உடனே விழ 320 போதும். கண் மூடித் திறப்பதற்குள் விழும்.

ஓம்பிடி:
எனக்கும் 40 மீட்டர்தான். 4 ஸ்கொயர் போதுமா, 6 வேணுமா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

செம்புக்கம்பி:
20 ஆம்பியர் ஓடும்போது 4 ஸ்கொயரில் 7.4 வோல்ட் இறங்கும், அதாவது 3.2 சதவீதம். 6 ஸ்கொயரில் 4.9 வோல்ட். இதைப் பார்த்து 4 போதும் என்று முடிவு கட்டாதீர்கள். சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது 60 ஆம்பியர் இழுத்தால் 4 ஸ்கொயரில் 22 வோல்ட் போய்விடும். மோட்டார் முக்கும், லைட் மங்கும், ஸ்டார்ட் வைண்டிங் சூடாகும். 6-க்குக் கீழே போகாதீர்கள். கம்ப்ரசர் பெரிது என்றால் 10.

பழைய வயர்மேன்:
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க. பட்டறை டிபி பெட்டியில, நியூட்ரல் வயர் எல்லாம் சேர்ற நியூட்ரல் லிங்க்கையும் எர்த் வயர் எல்லாம் சேர்ற எர்த் பாரையும் ஒரு துண்டு கம்பியால சேத்துடுங்க தம்பி. ஃபால்ட் கரன்ட் நியூட்ரல் வழியா திரும்பிடும், எம்சிபி பட்டுன்னு விழும். எர்த் வயரும் வேணாம்.

செம்புக்கம்பி:
இதைப் படித்து யாரும் செய்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து வரும் நியூட்ரல் ஒரு ஸ்க்ரூ லூஸாகி விட்டுப்போனாலும் போதும், ஆன் செய்திருக்கும் ஒரே ஒரு பல்பு வழியாக ஃபேஸ் நியூட்ரல் லிங்க்குக்கு வரும். அங்கிருந்து உங்கள் துண்டுக் கம்பி வழியாக எல்லா மெஷின் உடம்புக்கும் போகும். பல்புக்குப் பதில் பெரிய லோடு ஆனில் இருந்தால், ராடு இருந்தாலும் அந்த வோல்ட்டேஜை அது போதுமான அளவு இறக்கிவிடாது. வீட்டுப் பக்கம் ஆர்சிசிபி இருந்தால் நியூட்ரல் கரன்ட்டின் ஒரு பங்கு மண் வழியாகப் போய் அது அடிக்கடி விழும். வீட்டுக்காரர் ஆர்சிசிபி கெட்டுவிட்டது என்று கழற்றி எறிவார்.

பழைய வயர்மேன்:
எர்த் பிட் எப்படி எடுக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். கரியும் உப்பும் அடுக்கா போட்டு ஜிஐ பைப் இறக்கினா 20 ஓம் எங்கேயிருந்து வரும்? 11.5, 11.5ன்னு ஒரே கணக்கையே எத்தனை தடவை சொல்லுவீங்க?

செம்புக்கம்பி:
நான் கேட்டது நியூட்ரல் விட்டுப்போவதைப் பற்றி. நீங்கள் பதில் சொன்னது உப்பைப் பற்றி. சரி, உப்புக்கே வருகிறேன். மழையில் கரைந்து போகும், இருக்கிறவரை ஜிஐ பைப்பை அரிக்கும். பென்டோனைட் களிமண் கொட்டினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரி, எல்லாம் செய்து 4 ஓம் கொண்டுவந்தீர்கள் என்றே வைப்போம். 57.5 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு நிமிடக் கணக்கில் யோசிக்கும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விழ வேண்டிய இடம் அது. தம்பி என்று கூப்பிடுவதையும் விடுங்கள். வயதைக் காட்டி எம்சிபியை விழவைக்க முடியாது.

பழைய வயர்மேன்:
மரியாதையாத்தான் தம்பின்னேன். இனி இந்த இழைக்கு வரல.

பட்டறைவாசி:
வீட்டு எர்த்தை இழுக்கச் சொல்றீங்களே, அந்த வீட்டு எர்த் சப்ளை நியூட்ரலோட சேர்ந்திருக்குன்னு நீங்களே வெச்சீங்க. வெளியே லைன்ல நியூட்ரல் அறுந்தா வீட்டு எர்த் மேலேறும். உங்க அருமையான எர்த் வயர் அந்த வோல்ட்டேஜை 40 மீட்டர் தாண்டி, ஈர மண் தரையில நிக்கிறவன் கைக்குக் கொண்டுவந்து குடுக்கும். தனி ராடா இருந்தா அது வரவே வராது. இதுக்கு பதில் சொல்லுங்க.

செம்புக்கம்பி:
அப்படிப்பட்ட சப்ளை என்றால் எர்த் வயரை இழுத்து, பட்டறையிலும் ராடு அடித்து, இரண்டையும் ஒரே எர்த் பாரில் சேர்க்க வேண்டும். பட்டறையின் இரும்புத் தூண், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அதே பாரில் கட்ட வேண்டும்.

பட்டறைவாசி:
20 ஓம் ராடு அந்த வோல்ட்டேஜை இறக்கிடுமா? இப்பதான் வயர்மேன் ஐயாகிட்ட ராடு இறக்காதுன்னீங்க.

செம்புக்கம்பி:
தூணையும் குழாயையும் கட்டச் சொன்னது எதற்கு? தொடும் பொருள்கள் எல்லாம் ஒரே வோல்ட்டேஜில் இருப்பதற்கு. முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பட்டறைவாசி:
மண் தரையை எந்த பார்ல கட்டுவீங்க?

ஓம்பிடி:
3 கோர் வாங்காமல் 2 கோர் ஆர்மர்டு (சுற்றிலும் இரும்புக் கம்பி உறை உள்ள கேபிள்) வாங்கி ஆர்மரையே எர்த்தாக எடுத்தால் ஆகாதா? குழி எவ்வளவு ஆழம்?

செம்புக்கம்பி:
3 கோரே வாங்குங்கள். ஆர்மர் இரும்பு, அதே அளவு செம்போடு ஒப்பிட்டால் தடை பல மடங்கு. கேபிளைப் பெட்டியில் பிடித்து நிறுத்தும் கிளாண்டில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிபி பெட்டியின் பெயிண்ட்டைச் சுரண்டாமல் கிளாண்டை இறுக்கினால் ஆர்மருக்கும் பெட்டிக்கும் நடுவே பெயிண்ட்தான் இருக்கும், தொடர்பு இருக்காது. ஆர்மர் கம்பிகளை வெட்டித் தள்ளாமல் விரித்து கிளாண்டின் கூம்பு மேல் சுற்றிலும் சமமாக உட்கார வையுங்கள். எர்த் டேக் வாஷர் (வயர் மாட்டக் காது வைத்த வாஷர்) போட்டு, அதிலிருந்து லக் அடித்த வயரை எர்த் பாருக்கு எடுங்கள். ஆர்மரையும் எர்த் செய்தே ஆக வேண்டும், மண்வெட்டி பட்டால் முதலில் தொடுவது அதைத்தான். குழி 75 செ.மீ. அடியில் மணல், கேபிள், மேலே மறுபடி மணல், செங்கல், எச்சரிக்கை டேப். பட்டறைக்குள் நுழைந்ததும் டபுள் போல் ஐசொலேட்டர், அதாவது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச். ஆர்சிசிபி அங்கே 30 மில்லி ஆம்பியர், வீட்டுப் பக்கம் வைப்பதாக இருந்தால் 100 மில்லி ஆம்பியர் டைம் டிலே (சற்றுத் தாமதித்து விழும் வகை). இரண்டும் 30 என்றால் எது முதலில் விழும் என்று சொல்லவே முடியாது.

பட்டறைவாசி:
அப்போ ஆர்சிசிபி வேணும்னு ஒத்துக்கிட்டீங்க.

செம்புக்கம்பி:
வேண்டாம் என்று எந்த வரியில் எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள் என்றேன்.

பட்டறைவாசி:
1666 ஓம் கணக்கு தப்புன்னு இதுவரைக்கும் நிரூபிக்கல. அதையும் காட்டுங்க.