லீவு போட்டாலும் தீராத களைப்பு: சோம்பலா, பர்ன்அவுட்டா?

கேள்வி:

வயது 33. வேலை பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரிடம் கேட்டாலும் "வேறு வேலை பார்" என்றுதான் சொல்கிறார்கள். போன வருஷம் ப்ரமோஷன் வந்தது, இப்போது எனக்குக் கீழே 9 பேர். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு சர்டிஃபிகேஷன் தேர்வுக்குப் படிப்பு, அப்புறம் ஓட்டம், 10 மணி நேரம் வேலை, ராத்திரி 20 பக்கம் வாசிப்பு. எல்லாவற்றுக்கும் ஒரு எக்செல் ஷீட், முடித்தால் பச்சை, விட்டால் சிவப்பு. இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

மூன்று மாதமாகத்தான் கோளாறு. நேற்று நாலு வரி மெயில் ஒன்றை ஆறு தடவை படித்தேன், என்ன கேட்கிறார்கள் என்று மண்டையில் ஏறவே இல்லை. டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் சந்தேகம் கேட்க வந்தால், அவன் நாற்காலியை இழுக்கும் சத்தத்துக்கே எரிச்சல் வருகிறது. முன்பெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. நாலு நாள் லீவும் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் தூங்கினேன், மூன்றாம் நாள் ஷீட்டில் 'ஓய்வு' என்று ஒரு வரி சேர்த்து அதற்கும் பச்சை அடித்தேன் (சிரிக்காதீர்கள்). திரும்பி வந்த அன்று 11 மணிக்கெல்லாம் பழையபடி ஆகிவிட்டது. முன்னேறுவதை நிறுத்தாமல் இதிலிருந்து மீள வழி இருக்கிறதா?

பதில் 1:

சோம்பேறி யாரும் 5 மணிக்கு எழுந்து படிப்பதில்லை, அதை விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டுக்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பு வருவது, செய்யும் வேலையில் திறன் குறைவது. லீவுக்கும் அடங்காத களைப்பு, நாற்காலிச் சத்தம், அந்த மெயில் என்று மூன்றையும் நீங்களே வரிசையாக எழுதிவிட்டீர்கள். இதை அவர்கள் நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலையிடத்தில் நீண்டநாள் சமாளிக்கப்படாத அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள்.

ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு எல்லாமே இப்படித்தான் ஆளை அசத்திப் போடும். வேலைக்கு வெளியிலும் எதுவுமே பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போங்கள்.

பதில் 2:

நானும் இதே ரகம்தான். தினமும் அடிக்கிற பாஸ்வேர்டு ஒரு காலையில் மறந்துபோய், விரல் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது, அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஆபீஸ் வேலையை மட்டும்தான் நான் பாரமாகக் கணக்கில் வைத்திருந்தேன். படிப்பு, ஓட்டம், வாசிப்பு எல்லாம் 'எனக்காகச் செய்வது' என்று நினைத்துக்கொண்டேன், உடம்புக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? அதிலும் மார்க் போட்டால் அதுவும் இன்னொரு டெட்லைன்தான்.

திறமை என்றாலே எல்லோரும், எதிலும் தேற 10,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கதையைச் சொல்வார்கள். அதற்கு மூலம் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு, 1993-இல் வெளிவந்தது. அதில் சிறந்த மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது சராசரியாக நாளுக்கு மூன்றரை மணி நேரம். பகல் தூக்கமும் குறைவாகப் பயிற்சி செய்தவர்களைவிட அதிகம்! தூக்கத்தை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. தேர்வை ஆறு மாதம் தள்ளினேன், போனிலிருந்து ஆபீஸ் மெயிலை எடுத்துவிட்டேன், கிளம்பும் முன் 10 நிமிஷம் ஒதுக்கி, எந்த இடத்தில் விட்டேன், நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன். எழுதிவிட்டால் மண்டை அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. தலை பழையபடி ஓட ஆரம்பிக்க எனக்கு நாலைந்து மாதம் ஆனது, அவசரப்படாதீர்கள்.

பதில் 3:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பழி முழுவதும் இவர் தலையிலேயே விழுகிறதே. பர்ன்அவுட்டைப் பல வருஷம் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், வேலைக்கும் ஆளுக்கும் பொருந்தாமல் போகும் இடங்கள் ஆறு என்கிறார்: வேலைப்பளு, வேலைமேல் நமக்குள்ள கட்டுப்பாடு, பலன், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்புகள். தூங்கி எழுந்தால் இவற்றில் ஒன்றாவது சரியாகுமா?

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ப்ரமோஷனுக்கு முன் செய்த பழைய வேலையை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? என் கணிப்பு, இன்னும் நீங்களேதான் செய்கிறீர்கள். மேனேஜரிடம் போய் "களைப்பாக இருக்கிறது" என்றால் லீவு கொடுத்து அனுப்பிவிடுவார். கையில் இருக்கிற வேலைகளைப் பட்டியல் போட்டு நீட்டி, "இதில் எந்த இரண்டு தாமதமானால் பரவாயில்லை?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர் வேலை.

கேள்வி கேட்டவர்:

மாட்டிக்கொண்டேன். இன்று எண்ணிப் பார்த்தேன், பழைய வேலையில் மூன்று ரிப்போர்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆகும் நேரத்தில் நானே முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்திருக்கிறேன். நாற்காலி இழுக்கிறானே, அந்தப் பையனிடமே ஒன்றைத் தரப்போகிறேன். ரத்தப் பரிசோதனை சனிக்கிழமை. தேர்வைத் தள்ளிப்போட மட்டும் இன்னும் மனசு வரவில்லை. ஷீட்டை அழிக்கவில்லை, 'ஓய்வு' வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.

பதில் 2:

சரி. அந்த இடத்தில் 'பகல் தூக்கம்' என்று எழுதிவிடாதீர்கள்.