மறு: குக்கிகட்டர் சுறாவுக்குத் தமிழ்ப் பெயர்

குழுவினருக்கு வணக்கம். பெரிய மீன்களின் சதையை வட்டமாகக் கடித்தெடுக்கும் சிறிய ஆழ்கடல் சுறாவான குக்கிகட்டருக்கு (cookiecutter shark) நம் பட்டியலில் சேர்க்க ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

செம்பூரிலிருந்து எழுதும் அம்மா முன்வைத்த 'வில்லைச் சுறா' காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. மாத்திரையை வில்லை என்கிறோம். தட்டையான பொருளுக்கான சொல் அது. இந்தச் சுறா விட்டுச்செல்லும் காயமோ சுமார் 5 செ.மீ. அகலமும் 7 செ.மீ. வரை ஆழமும் கொண்ட குழி. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்த 'பிஸ்கட்வெட்டி' பற்றிப் பேசவே வேண்டாம். பிஸ்கட் மாவை அச்சு வைத்து வெட்டும் அடுப்படியில் பிறந்த பெயர் அது. நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

கடிக்கும் முறையைப் பாருங்கள். தடித்த உதடுகளை இரையின் மேல் அழுத்தி, வாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கி ஒட்டிக்கொள்கிறது. மேல்வரிசைப் பற்கள் சிறு முட்கள்; பிடிமானத்துக்கு மட்டும். வெட்டும் வேலை கீழ்வரிசைக்கு. அங்கே பெரிய முக்கோணப் பற்கள் அடிப்பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. உடலை முறுக்கிச் சுழன்றதும் சதை கழன்று வந்துவிடும். அந்தக் கீழ்வரிசை விழும்போதும் மொத்தமாகவே விழும். சுண்ணாம்புச் சத்து வீணாகாதபடி அதையும் விழுங்கிவிடும். சிக்கனக்காரன்!

இதற்குத் தமிழில் ஒரே வினைதான் உண்டு: குடைதல். ஆகவே என் முன்மொழிவு 'குடைசுறா'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் 'ச்' வராது.

— டோம்பிவிலியிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

இலக்கணம் சரி. அச்சுக்குப் போகும்போது யாராவது ஒரு 'ச்' சேர்த்துவிடுவார்கள், குடைச்சுறா ஆகிவிடும். தாராவியில் நான் பாடம் சொல்லும் பிள்ளைகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை குடையும் கையுமாகத் திரிகிறவர்கள். அவர்கள் மனத்தில் என்ன படம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். மீன்கொத்தி, மரங்கொத்தி வழியில் 'சதைதோண்டி' என்றால் என்ன?

இன்னொன்று, இதன் வயிறு பச்சையாக ஒளிர்கிறதே. 'ஒளிச்சுறா' என்று யாரும் ஏன் சொல்லவில்லை?

— சயானிலிருந்து

*

அம்மா, ஒளிர்வதை வைத்துப் பெயரிட்டால் விளக்குச் சுறாக்கள் (lanternsharks) சண்டைக்கு வரும். அந்தப் பேரினத்தில் பல இனங்கள்; எல்லாமே ஒளிர்பவை. 'ஆழிச்சுறா' என்று முன்பு வந்த யோசனையும் இதே காரணத்தால் நிற்காது. ஆழ்கடலில் வாழும் சுறாக்கள் எத்தனையோ. போதாக்குறைக்கு இது பகலில் 1,000 மீட்டருக்கும் கீழே கிடந்துவிட்டு, இரவானதும் மேல்மட்டத்துக்கு ஏறி வருகிற மீன். அரை மீட்டர் உடம்புக்கு இது பெரிய நடை.

'சதைதோண்டி' நல்ல ஓசை. ஆனால் தோண்டுவது என்றால் மீண்டும் மீண்டும் செய்வது; இதுவோ ஒரே கடியில் காரியத்தை முடித்துவிடுகிறது. கடிப்பதும் சதையை மட்டுமல்ல. 1970களில் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளின் சோனார் (ஒலியால் நீருக்கடியில் உள்ளதை அறியும் கருவி) கூட்டைப் போர்த்தியிருந்த ரப்பர் உறையையே குடைந்து சேதப்படுத்தியிருக்கிறது. கடைசியில் கண்ணாடியிழை உறை போட வேண்டியதாயிற்று. திமிங்கிலம், ஓங்கில், சூரை, வாள்மீன் எல்லாவற்றின் மேலும் காணப்பட்ட அந்த வட்டக் காயங்கள் யார் வேலை என்பதே 1971இல்தான் தெளிவாயிற்று. அதுவரை நுண்ணுயிர், ஒட்டுண்ணி என்று யார் யார் மேலோ பழி.

மீனவர் வழக்கில் பெயர் கிடைத்தால் இந்த விவாதமே வேண்டாம். பால்சுறா, கொம்பன் சுறா என்பவை கரைக்கு வருகிறவை. அவற்றுக்குப் பெயர் உண்டு. இதைத் தேடி மும்பையின் மீன்பிடித் துறையான சஸ்ஸூன் டாக்கில் போய் நின்றால் மீன்வாடைதான் மிச்சம்.

பிள்ளைகளின் குழப்பத்துக்கு ஒரு வழி: படத்தின் கீழே 'சதையைக் குடைந்து தின்னும் சுறா' என்று ஒரு வரி போதும். 'குடைசுறா'வையே பட்டியலில் ஏற்றலாம் என்கிறேன்.

அடுத்து, இதன் தொண்டையருகே ஒளிராத கரும்பட்டை ஒன்று இருக்கிறது. கீழிருந்து பார்க்கும் பெரிய மீன்களுக்கு வயிற்றின் ஒளி மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்து மறைய, அந்தப் பட்டை மட்டும் சிறுமீனின் நிழலாகத் தெரிந்து அவற்றை இழுக்கும் என்பது ஒரு கருதுகோள். இதற்கு 'தூண்டில் பட்டை' என்கிறேன். 'இருட்பட்டை' என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

— டோம்பிவிலியிலிருந்து