இராயப்பர் கோயிலில் ஒரு ஞாயிறு

ஜெனி: அம்மா, இன்றைக்குப் பூசைக்குப் பேராலயத்துக்குப் போகவில்லை. இங்கே ஜெர்மனியில், கொலோனிலேயே நியூமார்க்ட் பக்கம் ஸாங்க்ட் பேட்டர் என்று, அதாவது புனித பேதுரு என்கிற நம் இராயப்பர் பெயரில், ஒரு பழைய கோயில், அங்கே போனேன். போட்டோ பாருங்கள்.

அம்மா: பார்த்தேன். ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது? ஒரு சொரூபம்கூடத் தெரியவில்லையே. வெள்ளையடிக்கிறார்களா?

ஜெனி: இல்லை அம்மா, வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள். சேசு சபை சாமியார்கள் பார்த்துக்கொள்கிற கோயில் இது. மென்னெகெஸ் என்கிற சாமியார் 1987இல் இங்கே கலை நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். அன்றிலிருந்து இந்தக் காலத்துக் கலைஞர்களின் படைப்புகள் வந்து போகின்றன. இப்போது ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது இன்னும் வரவில்லை.

பெரியப்பா: பூசை வைக்கிற இடத்தில் கண்காட்சியா? சனங்களுக்குப் பராக்கு ஆகாதா?

ஜெனி: எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது பெரியப்பா. போய் உட்கார்ந்ததும் போய்விட்டது. கண்ணை இழுக்க வேறு எதுவும் இல்லாததால் சாமியார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. இந்தக் கோயிலுக்காகவே சில்லிதா என்ற ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க் இனச் சிற்பி 2000இல் கிரானைட்டில் மூன்று துண்டுகளாக ஒரு பீடம் செய்தார். அவரும் கல்லைத்தான் பேச விட்டிருக்கிறார், அலங்காரத்தை இல்லை.

ஆச்சி: இராயப்பர் கோயில் என்கிறாய். இராயப்பர் எங்கேடி?

ஜெனி: இருக்கிறார் ஆச்சி, தலைகீழாக! ரூபன்ஸ் என்ற பழைய காலத்து ஓவியர் வரைந்த பெரிய படம். சிலுவையில் தலைகீழாக அறைகிறார்கள்.

ஆச்சி: ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாக எனக்குத் தகுதியில்லை என்று அவரே கேட்டுக்கொண்டாராம். எங்கள் உபதேசியார் சொல்லும்போது அழுதிருக்கிறேன்.

ஜெனி: நானும் இன்று அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன் ஆச்சி. வயதான உடம்பு, அத்தனை பாரமும் கீழே இறங்குகிறது. ரூபன்ஸ் சின்ன வயதில் வளர்ந்த ஊர் இது. அவருடைய அப்பா 1587இல் இறந்து இதே கோயிலில்தான் அடக்கமானார். இந்த ஊருக்காகப் படம் கேட்டபோது, எதை வரைவது என்பதை ரூபன்ஸே முடிவு செய்தார். பத்து வயது வரை வளர்ந்த ஊர் என்பதால் கொலோன் மேல் பிரியம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1640இல் அவரும் போய்விட்டார். கடைசிக் காலத்து வேலை இது.

அம்மா: அப்பா இருக்கிற கோயிலுக்குப் பிள்ளை வரைந்த படம். கேட்கவே என்னவோ செய்கிறது.

ஜோ: அக்கா, போரில் இதெல்லாம் எப்படித் தப்பியது?

ஜெனி: கோயில் தப்பவில்லை ஜோ. 1943 குண்டுவீச்சில் எரிந்துபோனது, அப்புறம் திரும்பக் கட்டினார்கள். படம் பிழைத்துவிட்டது.

பெரியப்பா: சரி ஜெனி. அடுத்த கண்காட்சி வந்ததும் ஒரு ஞாயிறு போ. பூசை நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்.

ஜெனி: கட்டாயம் பெரியப்பா.

ஆச்சி: அந்த இராயப்பர் படத்தை மட்டும் தனியாக அனுப்பு. ஜோவிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல்கிறேன்.